மூன்றடி தள்ளி விழுந்த மூக்குக்கண்ணாடி

அந்த நகரத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. எந்த லேப் வீட்டுக்குப் பக்கம் என்று பார்த்துப் போகிறவர்கள் ஒரு வகை. "ஒரே குத்து இன்னைக்கு டியூட்டியில இருக்காங்களா?" என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை. விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் இரண்டாவது வகை.

ஒரே குத்து என்பது அளவு அக்காவின் தங்கை. பதினெட்டு வருஷமாக லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. மற்ற இடங்களில் நரம்பு அகப்படாமல் இரண்டு கையிலும் நாலு நாலு இடத்தில் குத்து வாங்கி, முழங்கை மடிப்பு கருநீலமாகிப் போனவர்கள் கடைசியில் இவளிடம்தான் வருவார்கள். ரப்பர் பட்டையைக் கட்டுவாள். ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். "குத்தப்போறேன், சரியா?" என்று கேட்பாள். அவர்கள் தலையை ஆட்டினால்தான் ஊசி கிளம்பும். ஆட்டிய தலை நிற்பதற்குள் குழாயில் ரத்தம் ஏறியிருக்கும். "குத்தியாச்சா?" என்று கண்ணைத் திறப்பவர்களிடம், "எடுத்தே ஆச்சு, பஞ்சை அழுத்திப் பிடிங்க" என்பாள். பெயர் வந்தது இப்படித்தான்.

அளவு அக்கா, லேப் இருக்கிற அதே மருத்துவமனைச் சாலையின் கடைசியில் துணி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். நீளமான பேண்ட்டைக் குட்டையாக்குவது, உடம்பைப் பிடிக்கிற கோட்டைப் பிரித்துத் தளர்த்துவது, ஜிப் மாற்றுவது. படித்தது எட்டாவது வரைதான். ஆனால் டேப் போடாமல் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். 'ஏறக்குறைய' என்ற பேச்சே அவளுக்கு ஆகாது. "ரெண்டு இஞ்ச் குறைச்சிடுங்க" என்று வருகிறவரை நிற்கவைத்து அளந்து, "ரெண்டு இல்ல, ஒண்ணே முக்கால்" என்று திருத்துவாள். இந்தத் தையலில்தான் தங்கையை டிப்ளமோ படிக்க வைத்தாள். ஜிப் மாற்ற வந்த யாரும் தங்கை டிப்ளமோவில் எடுத்த மார்க்கைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் கடைப்படியை இறங்கியதில்லை. அதுவும் மொத்தமாக அல்ல, பாடவாரியாக.

தங்கையைப் பற்றிய பெருமைக்கு மட்டும் அளவு அக்காவிடம் டேப் கிடையாது. வினை அங்கேதான் பிடித்தது.

லேபுக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். அதற்கு முன்னால் ஒரு ஷோரூமில் சோபா விற்றவர். ரத்தத்தைப் பற்றி அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது சிவப்பாக இருக்கும் என்பது மட்டும். வந்த மூன்றாம் நாளே ரத்தம் எடுக்கும் அறையில் தட்டு சைஸுக்கு ஒரு கடிகாரத்தை மாட்டி, அதன் கீழே 'ஒரு கைக்கு இரண்டு நிமிடம்' என்று எழுதி ஒட்டினார். சோபாவில் வந்து உட்கார்கிறவர் எழுந்திருக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பழகிய மனிதர். கை நீட்டி உட்கார்கிறவரையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார்.

சம்பவம் நடந்த காலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஒரு வெல்டர். கதவு அகலத்துக்கு ஆள். நெருப்புப் பொறி முகத்தில் தெறித்தாலும் அசையமாட்டார். ஊசியைக் கண்டால் மட்டும் கை கால் வெலவெலத்துவிடும். "கொஞ்சம் பொறுங்கம்மா, மூச்சு விட்டுக்கறேன்" என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். தங்கை பொறுத்தாள். கடிகாரம் பொறுக்கவில்லை. தங்கையின் சக்கர முக்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர், முக்காலியோடு முன்னால் உருண்டு வந்தார். வெல்டரின் மணிக்கட்டைப் பிடித்துக் கைப்பலகையோடு சேர்த்து அழுத்தினார்.

"ம், குத்து."

"கையை எடுங்க சார். அவர் இன்னும் சரின்னு சொல்லல."

"அவர் சொல்ற வரைக்கும் வெளிய பதினஞ்சு பேர் நிப்பாங்களா? குத்துன்னா குத்து."

"கையை எடுங்க."

"எடுக்கலேன்னா?"

தங்கை வலது கையை ஓங்கினாள். அவ்வளவுதான். மேனேஜர் பிடியை விட்டுவிட்டுக் காலால் தரையை உதைத்தார். உதைத்த வேகத்தில் முக்காலி உருண்டுபோய் எதிர்ச்சுவரில் முதுகை மோதி நின்றது. ஓங்கிய கை ஓங்கிய இடத்திலேயே இருந்தது. வெல்டர் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடியவர் அப்படியே மயங்கியிருந்தார்.

சாயங்காலம் தங்கை கடைக்கு வந்து, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். அளவு அக்கா தைப்பதை நிறுத்திவிட்டாள்.

"விழுந்துச்சா?"

"என்ன விழுந்துச்சா?"

"அடிதான்டி."

"இல்லக்கா. தொடவே இல்ல. அதுக்குள்ள ஆள் சுவத்துக்குப் போயிட்டான்."

"ஓங்கினவ ஒண்ணு விட்டிருக்கக் கூடாதா? அவ்வளவு தூரம் கை மேல போயிருக்கு. சும்மா இறக்கிக்கிட்டு வந்திருக்கே."

"போதும்க்கா, நீ வேற."

மறுநாள் காலையில் கடைக்கு வந்த முதல் ஆளிடம் அளவு அக்கா உள்ளதை உள்ளபடிதான் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார். இரண்டாவது ஆளும் "அவ்வளவுதானா?" என்றார். ஓரம் மடிக்காத துணியைக் கையில் கொடுத்தனுப்பின மாதிரி அளவு அக்காவுக்கு உறுத்தலாக இருந்தது. மூன்றாவது ஆளுக்கு மடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள். தங்கை அறைந்தாள். அடுத்த நாள், இடது கன்னத்தில் அறைந்தாள். அதற்கடுத்த நாள், நாலு விரலும் பதிந்திருந்தன. கட்டைவிரல் பதியவில்லை, ஏனென்றால் அறைகிறபோது அது மடங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை மூக்குக்கண்ணாடி பறந்தது.

எவ்வளவு தூரம் பறந்தது என்று ஒருவர் கேட்டார். குத்துமதிப்பாகச் சொல்ல அளவு அக்காவுக்கு மனசு வரவில்லை. மிஷினிலிருந்து எழுந்து, அறை வாங்கிய ஆள் எங்கே உட்கார்ந்திருப்பார், கண்ணாடி எங்கே போய் விழுந்திருக்கும் என்று நிதானமாக யோசித்து, கடைத் தரையில் டேப்பை வைத்து அளந்தாள். மூன்றடி இரண்டு அங்குலம் வந்தது. மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது என்று இரண்டு அங்குலத்தை விட்டுவிட்டு மூன்றடி என்றாள்.

அப்படி நேர்மையாகக் குறைத்துச் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஓர் அம்மாள், லேப் ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணின் மாமியார். கவுனுக்குக் கொக்கி வைக்க வந்திருந்தாள். கொக்கியையும் வாங்கிக்கொண்டாள், கதையையும் வாங்கிக்கொண்டாள்.

இதற்கிடையில் மேனேஜர் போலீசில் புகார் கொடுத்திருந்தார். லேப், தங்கையை விடுப்பில் போகச் சொல்லியிருந்தது. அக்காவும் தங்கையும் இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த வக்கீலம்மா சின்ன வயசுக்காரி. மேஜை மேல் தலையணை உயரத்துக்குக் கேஸ் கட்டுகள். புகாரை எடுத்து வாசித்தாள்.

"'ஒரே குத்து என்ற பட்டப்பெயரால் பரவலாக அறியப்படும் மேற்படி நபர்'... ஏங்க, இது என்ன பேரு? ரவுடி லிஸ்ட் மாதிரி இருக்கு."

"ரத்தம் எடுக்கற குத்துங்க அது," என்றாள் தங்கை.

"ஸ்டேஷன்ல அதை யாரு கேட்டா? சரி, கேளுங்க. 'என்னைத் தாக்கும் நோக்கத்துடன் கையை ஓங்கினார். நான் சமயோசிதமாகவும் லாவகமாகவும் விலகிக்கொண்டபடியால் அவரது கை என் மீது படவில்லை.' இது உண்மையா?"

"லாவகம்ங்கறதைத் தவிர எல்லாம் உண்மைங்க."

அளவு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "படவே இல்லேன்னு அந்த ஆளே எழுதிக் கொடுத்திருக்கான். அப்புறம் என்னம்மா கேஸு?"

வக்கீலம்மா மேஜையிலிருந்த தடிமனான கட்டு ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி, சட்டென்று அளவு அக்காவின் தலைக்கு மேல் ஓங்கினாள். அளவு அக்கா "ஐயோ" என்று தலையைக் கையால் மறைத்துக்கொண்டு குனிந்தாள்.

"பட்டுச்சா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் குனிஞ்சீங்க?"

"விழும்னு நெனச்சேன்!"

"அந்த நெனப்பு இருக்கு பாருங்க, அதை ஒருத்தர் மனசுல உண்டாக்கறதே குற்றம். 'தாக்க முனைதல்'னு பேரு. நாங்க கோர்ட் வராண்டால 'ஓங்கின கேஸ்'ம்போம். இப்போ அந்தப் பக்கம் திரும்பி ஜன்னலைப் பாருங்க."

அளவு அக்கா திரும்பினாள். முதுகில் ஒரு விரல் நுனி பட்டது. பட்டதும் தெரியாமல் போனதும் தெரியாமல்.

"இது 'தாக்குதல்'. பட்ட கேஸ். நீங்க பார்க்கல, பயப்படல, வலிக்கவும் இல்ல. ஆனா உங்க இஷ்டம் இல்லாம, வேணும்னே தொட்டிருக்கேன். அது போதும். சட்டையில பட்டாலும் போதும். ஓங்கிட்டு அடிச்சா ரெண்டு கேஸும் வரும். ஓங்கினதோட நிறுத்திட்டா முதல் கேஸ் மட்டும்தான்."

"ரெண்டுல எதும்மா பெரிசு?"

"மத்தவங்களுக்குப் பட்ட கேஸ் கொஞ்சம் பெரிசு. உங்க தங்கச்சிக்கு மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்." வக்கீலம்மா வேறொரு தாளை எடுத்தாள். அது தங்கைக்கு உரிமம் கொடுத்த பதிவு வாரியத்தின் விதி. நோயாளியின் உடம்பைத் தொட்டு வேலை செய்கிற ஒருவர், அடுத்தவர் உடம்பை அத்துமீறித் தொட்ட குற்றத்துக்குத் தண்டனை வாங்கினால், பதிவு ரத்து. ஆயுசுக்கும். கை ஓங்கியதற்கு மட்டும் தண்டனை என்றால் ஓர் எச்சரிக்கைக் கடிதம். "நல்ல வேளையா இது ஓங்கின கேஸ். கவலைப்படாதீங்க. அவர் ஜம்பம் நம்மளக் காப்பாத்திடுச்சு."

தங்கை மூச்சு விட்டாள். அளவு அக்காவுக்கு மட்டும் கடையில் தான் அடித்துக்கொண்டிருந்த அறை ஞாபகம் வந்தது. கடைப் பேச்சு கோர்ட்டுக்கா வரப்போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். திறக்கக் கூடாத இடத்தில் திறந்து, திறக்க வேண்டிய இடத்தில் மூடுவது அந்த வாய்க்குப் பழக்கம்.

ஒரு மாதம் கழித்து வக்கீலம்மா கூப்பிட்டனுப்பினாள். முகம் சரியில்லை.

"கேஸ் மாறிடுச்சு. பட்ட கேஸையும் சேர்த்திருக்காங்க. ஒரு சாட்சி வந்திருக்கு, ரிசப்ஷன் பொண்ணோட மாமியார். அறைஞ்சதா ஊரே பேசுதுன்னு அந்தம்மா போலீஸ்ல சொன்னதுக்கு அப்புறம் மேனேஜரும் புதுசா வாக்குமூலம் கொடுத்திருக்கார். முதல்ல அவமானத்துக்குப் பயந்து மறைச்சேன், உண்மையில அறைஞ்சாங்கன்னு. கேளுங்க. 'இடது கன்னத்தில் ஓங்கி அறைந்ததில் நான்கு விரல்களின் தடம் பதிந்தது. கட்டைவிரலின் தடம் பதியவில்லை. நான் அணிந்திருந்த மூக்குக்கண்ணாடி மூன்றடி தள்ளிப் போய் விழுந்தது.' இவ்வளவு துல்லியமா யாரும் பொய் சொல்லமாட்டாங்கன்னுதான் எந்த ஜட்ஜும் நெனப்பார். அதான் எனக்குக் கவலை."

தன் கைத்தையலை எந்த மூலையில் பார்த்தாலும் அளவு அக்காவுக்கு அடையாளம் தெரியும். ஒரு தையல்கூட மாறவில்லை. கட்டைவிரல் உட்பட எல்லாம் அவள் தைத்தது.

"அந்த ஆள் கண்ணாடியே போடமாட்டானே," என்றாள் தங்கை குழப்பமாக.

"இப்போ போட்டுக்கிட்டுத் திரியறாராம். சாட்சி கண்ணாடின்னு சொல்லிட்டா மூக்குல ஒண்ணு இருந்தாகணுமே."

அளவு அக்கா புடவைத் தலைப்பை ஒரு சுருட்டுச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினாள். பிறகு சொன்னாள். முதல் ஆள், இரண்டாவது ஆள், வெள்ளிக்கிழமை, டேப், விட்டுவிட்ட இரண்டு அங்குலம், ஒன்று பாக்கியில்லாமல். வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தாள்.

"ஏன்க்கா?" என்றாள் தங்கை கடைசியில்.

"ஓங்கினதோட சரின்னு சொன்னா ஒருத்தரும் மதிக்கலடி."

"பதினெட்டு வருஷமா ஒருத்தரையும் கேக்காம தொட்டதில்ல நான். அவன்கூட என்னை அப்படிச் சொல்லல. நீ ஊரெல்லாம் சொல்லியிருக்கே."

அளவு அக்காவுக்குக் கண் கலங்கியது. தங்கை ஆறுதல் சொல்லவில்லை. சொல்லவேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

"நான் கோர்ட்ல வந்து சொல்லிடறேன்மா, நான் கட்டின கதைன்னு," என்றாள் அளவு அக்கா.

"சொல்லலாம். தங்கச்சியைக் காப்பாத்த இப்போதான் பொய் சொல்றீங்கன்னு அரசு வக்கீல் சொல்வார். எல்லார் முன்னாடியும் உங்களைப் புளுகின்னு நிரூபிப்பார்."

"அது உண்மைதானே," என்றாள் தங்கை.

விசாரணை நாளன்று கோர்ட்டில் நிற்க இடமில்லை. மருத்துவமனைச் சாலையே வந்திருந்தது. பேண்ட் குறைத்தவர்கள், கோட் தளர்த்தியவர்கள், கொக்கி வைத்தவர்கள். தாங்கள் காதால் கேட்ட அறை கோர்ட்டுக்குப் போகிறது என்றால் சும்மா வீட்டில் இருக்க முடியுமா? மாஜிஸ்ட்ரேட் வயதானவர். அன்றைக்கு இன்னும் பதினோரு கேஸ் பாக்கி இருக்கிற முகம்.

மேனேஜரை அளவு அக்கா அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். கறுப்புச் சட்டம் போட்ட கனமான கண்ணாடி. கூண்டுக்கு இரண்டு படி. முதல் படியில் கால் தடுக்கித் தடுமாறினார். இரண்டாவது படி இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலாகக் காலைத் தூக்கி வைத்தார். சோபா விற்ற காலத்தில் வளர்த்துக்கொண்ட சிரிப்போடு அறையை வர்ணித்தார். கன்னம், விரல், மூன்றடி. வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அவர்கள் கேட்டதற்கும் இதற்கும் ஒரு நூல் வித்தியாசமில்லை.

வக்கீலம்மா எழுந்து ஒரு தாளை நீட்டினாள். "இது நீங்க முதல்ல கொடுத்த புகார். இந்த வரியை மட்டும் கொஞ்சம் வாசிங்க."

மேனேஜர் தாளை வாங்கினார். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். தூரமாக நீட்டினார். பிறகு, கண்ணில் விழுந்த முடியை ஒதுக்குகிற மாதிரி வெகு இயல்பாகக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, கணீரென்று வாசித்தார். "'நான் சமயோசிதமாகவும் லாவகமாகவும் விலகிக்கொண்டபடியால்...'"

வாசித்து முடித்துத் தலையைத் தூக்கியபோது மாஜிஸ்ட்ரேட் அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி எதுக்குப் போட்டிருக்கீங்க?"

"கண்ணு... கண்ணு தெரியறதுக்குங்க ஐயா."

"ஓகோ," என்றார் மாஜிஸ்ட்ரேட். அந்தப் பதினோரு கேஸ் முகம் கொஞ்சம் மாறி, ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்து அளவு அக்கா ஏறினாள். படி சரியாக இருந்தது. தான் கட்டிய கதை என்று ஆரம்பித்து ஒவ்வொரு நாளும் என்ன சேர்த்தாள் என்பதைத் தேதிவாரியாகச் சொன்னாள். பின்வரிசையில் முணுமுணுப்பு. ரிசப்ஷன் பெண்ணின் மாமியார், வாங்கின துணி சாயம் போனதைப் போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

அரசு வக்கீல் எழுந்தார். "நாலு விரல், இடது கன்னம், மூணடி. பார்க்காத ஒருத்தர் இவ்வளவு கணக்காச் சொல்ல முடியுமாம்மா?"

"டேப் போட்டு அளந்தேன் சார்."

"எதை?"

"என் கடைத் தரையை."

மாஜிஸ்ட்ரேட் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"மேனேஜரைப் பார்த்ததே இல்லேன்னா, கண்ணாடின்னு எப்படித் தோணுச்சு?"

"மேனேஜர்னா போட்டிருப்பார்னு நெனச்சுக்கிட்டேன் சார்."

"அன்னைக்குச் சொன்னது பொய்ங்கறீங்க. இன்னைக்குச் சொல்றது மட்டும் உண்மைன்னு நாங்க எப்படி நம்பறது?"

அளவு அக்கா பின்வரிசையைப் பார்த்தாள். "அன்னைக்குச் சொன்னதுல எனக்குப் பெருமை இருந்துச்சு சார். இன்னைக்குச் சொல்றதுல என்ன இருக்கு? என் கடைக்கு வர்றவங்க பாதிப் பேர் அங்க உட்கார்ந்திருக்காங்க. நாளையிலேர்ந்து நான் ஒண்ணே முக்கால்னா அவங்க நம்பமாட்டாங்க."

மாஜிஸ்ட்ரேட்டே கேட்டார். "சரி, உங்க தங்கச்சி உங்ககிட்ட என்னதான் சொன்னாங்க?"

"கையை ஓங்கினாளாம் ஐயா. தொடவே இல்லியாம். அதுக்குள்ள அவர் பயந்துபோய், சக்கர முக்காலியோட உருண்டு சுவத்துல மோதி..."

கோர்ட்டே சிரித்தது. வாசலில் நின்ற போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மேனேஜருக்கு முகம் ரத்தச் சிவப்பானது. பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். கண்ணாடி கையில் இருந்தது.

"பயந்தா? யாரு பயந்தா? அவங்க கை என் மேல படவே முடியல ஐயா! ஒரு கையால அந்த வெல்டரை இறுக்கிப் பிடிச்சிருக்கேன், அப்பவும் விலகினேன்! நான் காலேஜ்ல கபடி ஆடினவன்!"

சிரிப்பு நின்றுவிட்டது. மேனேஜருக்குத் தான் சொன்னது தன் காதிலேயே வந்து சேர ஒரு நிமிஷம் ஆனது. அரசு வக்கீல் மெதுவாக உட்கார்ந்து, தாள்களை அடுக்க ஆரம்பித்தார்.

"படவே இல்லை," என்று எழுதிக்கொண்டே சொன்னார் மாஜிஸ்ட்ரேட். "அந்த வெல்டர், பிடிச்சுக்கச் சொன்னாரா உங்களை?"

"இல்லீங்க ஐயா, ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சேன்னு..."

"அப்போ அந்த ரூம்ல கேக்காம ஒருத்தர் மேல கை வெச்சது ஒரே ஒரு ஆள். அது நீங்க. வெல்டர் புகார் கொடுக்கல, அதனால நான் அதுக்குள்ள போகல." பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். "பட்ட கேஸ் முடிஞ்சுது. இனி ஓங்கின கேஸ். இதுக்கு யோசிச்சுப் பதில் சொல்லுங்க. அவங்க கையை ஓங்கினப்போ, அடி விழப்போகுதுன்னு நெனச்சீங்களா? நெனச்சீங்கன்னா அது குற்றம். நெனக்கலேன்னா ஒண்ணுமே இல்ல."

மேனேஜர் கோர்ட்டைச் சுற்றிப் பார்த்தார். ரிசப்ஷன் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனைச் சாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. 'ஆமாம், நினைத்தேன்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் கேஸ் அவருடையது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"சேச்சே. ஒரு பொம்பளை கை ஓங்கினா அடிச்சிடுவான்னு நான் ஏன் நெனக்கப்போறேன்? சும்மா பூச்சி காட்டறாங்கன்னு எனக்குத் தெரியும். முக்காலியைக்கூட நான் வேணும்னேதான் பின்னுக்குத் தள்ளினேன். காத்தோட்டமா இருக்கட்டும்னு."

கூண்டில் நின்ற அளவு அக்காவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. என்ன சொன்னான் இவன்? தங்கை கை ஓங்கினால் பயமில்லையாமே? பூச்சியாமே? சுவரில் முதுகு மோத ஓடினவன், காற்றுக்குப் போனானாமே? வாய் திறந்துவிட்டது. 'நடுங்கிப் போய்த்தான்டா ஓடினே' என்பது தொண்டை வரை வந்து நின்றது.

தங்கை அசையாமல் உட்கார்ந்து அவளையே பார்த்தாள். நாற்காலியில் உட்கார்கிறவர்கள் கையை இழுத்துவிடுவார்களோ என்று சந்தேகம் வந்தால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. வக்கீலம்மா கையிலிருந்த கேஸ் கட்டை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"என்னம்மா, ஏதோ சொல்ல வர்றீங்க போலிருக்கே?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

அளவு அக்கா வந்த வார்த்தையை விழுங்கினாள்.

"இல்லீங்க ஐயா. அவர் நெனச்சதும் நெனக்காததும் அவருக்குத்தானே தெரியும்."

கை படவில்லை என்று புகார் கொடுத்தவரே சொல்லிவிட்டார், படும் என்று தாம் நினைக்கவில்லை என்றும் அவரே சொல்லிவிட்டார், ஆகவே இரண்டு குற்றமும் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பானது. தங்கையின் பதிவு தப்பியது. மேனேஜர் தோற்ற மாதிரியே நடந்துகொள்ளவில்லை. பயப்படவில்லை என்று ஒரு மாஜிஸ்ட்ரேட் கையால் எழுதி வாங்கியவர் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள் என்கிற மிதப்பில் வெளியே போனார். படியில் தடுக்கவில்லை. கண்ணாடி பாக்கெட்டில் இருந்தது.

வராண்டாவில் அளவு அக்கா தூணோரமாக நின்றுகொண்டாள். கிட்டே போக வெட்கமாக இருந்தது. தங்கைதான் வந்தாள்.

"வாயைத் திறந்தியே, நான் போச்சுன்னே நெனச்சேன்."

"அவன் உன்னைப் பூச்சிங்கறான்டி."

"சொல்லிட்டுப் போறான். திங்கக்கிழமை நான் வேலைக்குப் போகணும்." பிறகு, "இன்னொரு தரம் இப்படிப் பண்ணினே, உன் கடைப் பக்கம் வரமாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு அக்காவின் தோள்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

பின்னாலேயே வக்கீலம்மா ஓடி வந்தாள். "அம்மா, ஒரு விஷயம். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் டைம் இருக்கு. அதுவரைக்கும் கடையில ஒரு வார்த்தை கிடையாது. அறையும் கிடையாது, பயமும் கிடையாது. அவர் பயப்படவே இல்ல. புரியுதா?"

"புரியுது."

"யாராவது கேட்டா?"

"கோர்ட் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்வேன்."

அப்படியே சொன்னாள். முதல் நாளே ஒன்பது பேர் கேட்டார்கள். "ஏன்க்கா, அந்த ஆள் கொஞ்சங்கூடவா பயப்படல?" ஒவ்வொரு தடவையும் அளவு அக்கா நாலு குண்டூசியை எடுத்துப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு, "கோர்ட் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அதன் இடுக்கு வழியாகச் சொன்னாள். அந்த மாதம் அவள் தைத்த துணிகளில் குண்டூசி மறந்துபோனது மூன்று. வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தங்கையின் பதிவுக்கு முன்னால் மூன்று குண்டூசி ஒரு பொருட்டா? சுவரில் தொங்கிய காலண்டரில் தினமும் ஒரு கட்டத்தை, ஸ்கேல் வைத்து, குறுக்கே அடித்தாள்.

மேனேஜர் மேல்முறையீடு செய்யவில்லை. முப்பத்தோராம் நாள் காலையில் அளவு அக்கா வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாகவே கடையைத் திறந்தாள். முதல் ஆள் ஒரு பேண்ட்டோடு படி ஏறுவதற்குள் உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"பேண்ட் கிடக்கட்டும், உட்காருங்க. அந்த ஆள் எப்படிப் பயந்தான்னு சொல்றேன். ஒரு வார்த்தை கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது."